கேம் ஓப்பன் பண்ணதும் வர்ற லோகோ சும்மா இல்ல! 'என்-கேஜ்' போன் விட்டுட்டுப் போன பாடம்

உங்க போன்ல இருக்கிற ஏதாவது ஒரு கேமை ஓப்பன் பண்ணிப் பாருங்க. உடனே விளையாட்டு வராது. முதல்ல கறுப்புத் திரை. அப்புறம் ஒரு கம்பெனி லோகோ. அது மறைஞ்சதும் இன்னொரு லோகோ. சில கேம்கள்ல மூணாவதா ஒண்ணும் வரும். நாம பொறுமையில்லாம திரையைத் தட்டிக்கிட்டே இருப்போம். லோகோ அசையாது. அதோட நேரம் முடிஞ்சாத்தான் போகும்.

சில நொடிகள் மட்டும் வந்துபோற அந்தப் படத்துக்கு மூணு வேலைகள் இருக்கு. அதுல ஒண்ணு நேரடியா உங்க பர்ஸோட சம்பந்தப்பட்டது. கேமுக்குள்ள காசு போட்டவங்க, போடலாமான்னு யோசிக்கிறவங்க, தம்பி தங்கச்சிக்குப் போட்டுக் கொடுத்தவங்க எல்லாருமே இதைத் தெரிஞ்சுக்கணும். அதுக்கு ஒரு பழைய கதை உதவும். 2003-ல ஆர்ப்பாட்டமா வந்து, ஏழு வருஷத்துக்குள்ள இரண்டு முறை செத்துப்போன ஒரு கேம் தொழில்நுட்பத்தோட கதை அது. பேரு, நோக்கியா என்-கேஜ்.

அதுக்கு முன்னாடி, லோகோவோட மூணு வேலைகளையும் பார்த்துடலாம்.

வேலை 1: காத்திருக்க வைக்கிறது

ஒரு டீக்கடையை நினைச்சுக்கோங்க. பால், டீத்தூள், சர்க்கரை எல்லாம் உள் அறையில இருக்கு. ஆனா, மாஸ்டர் கைக்கு எட்டுற மேடைக்கு அதெல்லாம் வந்தாத்தான் டீ போட முடியும். போன்லயும் இதே கதைதான். கேம் மொத்தமும் ஸ்டோரேஜ்ல கிடக்கும். அந்த உள் அறையில இருந்து தேவையானதை எல்லாம் எடுத்து ரேம்ங்கிற மேடையில அடுக்கி வெச்ச பிறகுதான் விளையாட்டு ஆரம்பிக்கும்.

இந்த நேரத்துல திரை வெறுமனே கறுப்பா இருந்தா நாம என்ன நினைப்போம்? 'போன் ஹேங் ஆயிடுச்சு'ன்னு பவர் பட்டனை அழுத்திடுவோம். 'உள்ளே வேலை நடக்குது, கொஞ்சம் பொறுங்க'ன்னு சொல்லத்தான் அந்த லோகோ. பழைய நோக்கியா போனை ஆன் பண்ணினா இரண்டு கைகள் நெருங்கி வந்து கோத்துக்குமே, ஞாபகம் இருக்கா? நீங்க 2கே கிட்ஸா இருந்தா அப்பா, சித்தப்பா போன்ல பார்த்திருப்பீங்க. அதுவும் இந்த வகைதான். நீங்க அந்தக் கைகளைப் பார்த்துக்கிட்டு இருக்கிற நேரத்துல போன் தன் வேலைகளைத் தொடங்கியிருக்கும்.

வேலை 2: காவல் காக்கிறது

இதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. சில கருவிகள்ல லோகோதான் பூட்டு.

1989-ல நின்டெண்டோ வெளியிட்ட 'கேம் பாய்' கருவியை ஆன் பண்ணினா, கம்பெனி பேர் மேலே இருந்து மெதுவா இறங்கி வந்து நடுவுல நின்னு 'டிங்'னு ஒரு சத்தம் கொடுக்கும். பார்க்க அழகுக்காக வெச்ச மாதிரி இருக்கும். ஆனா, அந்தப் பேரோட படம் கருவிக்குள்ளயும் இருக்கும், நீங்க சொருகுற கேசட்டுக்குள்ளயும் இருக்கும். அளவு வெறும் 48 பைட். கருவி முதல்ல கேசட்ல இருக்கிற படத்தை எடுத்துத் திரையில காட்டும். பிறகு அதைத் தன்கிட்ட இருக்கிற படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே ஒரு புள்ளி மாறியிருந்தாலும் அதோட நின்னுடும். கேம் ஓடவே ஓடாது.

இதுல ஒரு தந்திரம் இருக்கு. அனுமதி வாங்காம கேசட் தயாரிக்கிறவங்க, அதை ஓட வைக்கணும்னா நின்டெண்டோ பேரைத் தங்களோட கேசட்ல போட்டே ஆகணும். போட்டா? அடுத்தவன் பேரைத் திருடினதா வழக்கு வரும். போடலைன்னா கேம் ஓடாது. கேசட் சரியா உட்காராம இருந்தா, பேருக்குப் பதிலா வெறும் கறுப்புக் கட்டம் இறங்கி வரும். டி.வி-ல மாட்டுற வீடியோ கேம் கேசட்டை ஊதி ஊதிச் சொருகின தலைமுறைக்கு இந்த அவஸ்தை நல்லாவே புரியும்.

சேகா கம்பெனியும் தன்னோட ஜெனிசிஸ் கருவியில இதே மாதிரி ஒரு பூட்டு வெச்சது. கேம்ல குறிப்பிட்ட இடத்துல 'சேகா'ங்கிற எழுத்துகள் இருந்தாத்தான் ஓடும். இருந்தா, 'இது சேகாவோட அனுமதியில தயாரானது'ன்னு திரையில தானா ஒரு வரி வரும். அக்கோலேட்ங்கிற அமெரிக்க கம்பெனி அந்தப் பூட்டை ஆராய்ஞ்சு, அனுமதி இல்லாமலே தன் கேம்களை ஓட வெச்சது. சேகா வழக்குப் போட்டது. 1992-ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோலேட் பக்கம் நின்னது. 'அந்த வரியைத் திரையில வர வைக்கிறதே சேகாவோட பூட்டுதான். அதுக்கு அக்கோலேட்டைக் குத்தம் சொல்ல முடியாது'ங்கிறதுதான் தீர்ப்போட சாரம். ஒரு லோகோவுக்காகக் கோர்ட் வரை போயிருக்காங்கன்னா, அது வெறும் படம் இல்லைன்னு புரியுதுல்ல?

வேலை 3: கையெழுத்துப் போடுறது

கம்பம் பள்ளத்தாக்குல இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. காய்கறி மூட்டையா இருக்கட்டும், திராட்சைப் பெட்டியா இருக்கட்டும், ஏலக்காய்ச் சாக்கா இருக்கட்டும், மேலே ஒரு மார்க் போட்டிருப்பாங்க. சரக்கு யாருது, எங்கே போய்ச் சேரணும், குறை இருந்தா யாரைக் கேட்கணும்... எல்லாத்துக்கும் அந்த மார்க்தான் பதில். 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குக் கிடைச்ச புவிசார் குறியீடும் ஒரு வகையில அதே மாதிரிதான். 'இது இந்த மண்ணுல விளைஞ்சது'ங்கிறதுக்கான கையெழுத்து.

கேம்ல வர்ற லோகோக்களும் கையெழுத்துதான். ஒண்ணு, கேமை உருவாக்கினவங்களோடது. இன்னொண்ணு, காசு போட்டு வெளியிட்டவங்களோடது. மூணாவது, கேமை உருவாக்க உதவின மென்பொருளோடது. சின்னச் சின்ன கேம்கள்ல 'யூனிட்டி' லோகோவை அடிக்கடி பார்த்திருப்பீங்க. அந்த மென்பொருளை இலவசமா பயன்படுத்துறவங்க அதோட லோகோவைக் கட்டாயம் காட்டணும்னு ரொம்ப வருஷமா விதி இருந்தது. 2024-ல வந்த 'யூனிட்டி 6'லதான் அந்தக் கட்டாயத்தை எடுத்தாங்க.

ஆக, 'இந்தக் கதவுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு'ன்னு நமக்குச் சொல்ற இடம் அந்த லோகோ. இதை மனசுல வெச்சுக்கிட்டு என்-கேஜ் கதைக்கு வாங்க.

ஒரே வருஷம், ஒரே கம்பெனி, இரண்டு போன்கள்

2003-ல நோக்கியா இரண்டு முக்கியமான போன்களைக் கொண்டு வந்தது.

ஒண்ணு, நோக்கியா 1100. கறுப்பு வெள்ளைத் திரை. கேமரா கிடையாது. ஆனா, தூசி உள்ளே போகாத கீபேட், கை வழுக்காத பக்கவாட்டு, உச்சியில டார்ச் லைட். இந்தியா மாதிரி நாடுகளை மனசுல வெச்சே வடிவமைச்ச போன் அது. நடுராத்திரி கரன்ட் வந்ததும் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போறவங்களுக்கு அந்த டார்ச் எவ்வளவு பெரிய விஷயம்னு தேனிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அதுல இருந்தது பாம்பு கேமும் விண்கலத்துல சுடுற கேமும்தான். உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல வித்துச்சு.

இன்னொண்ணுதான் என்-கேஜ். அக்டோபர் 7, 2003 அன்னைக்கு வெளியானது. 'போனும் கேம் கருவியும் ஒண்ணாவே இருந்தா எப்படி இருக்கும்?'ங்கிற யோசனைதான் அது. கலர் திரை, புளூடூத், பாட்டுக் கேட்கும் வசதி, ரேடியோ, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நண்பரோட சேர்ந்து விளையாடும் வசதி. 'டோம்ப் ரைடர்', 'டோனி ஹாக்' மாதிரி பெரிய பேர்கள் எல்லாம் அதுல வந்துச்சு. இன்னைக்கு உங்க கையில இருக்கிறது என்ன? போனும் கேம் கருவியும் சேர்ந்த ஒண்ணுதானே! அந்த வகையில நோக்கியா யோசிச்சது தப்பே இல்லை. காலத்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்காங்க.

ஆனா, விலை 299 டாலர். அன்னைய கணக்குல ஏறக்குறைய 13,500 ரூபாய். அதே நேரத்துல நின்டெண்டோவோட 'கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி' 100 டாலருக்குக் கிடைச்சது. என்-கேஜ் இந்தியாவுலயும் விற்பனைக்கு வந்துச்சு. ஆனா கம்பம், சின்னமனூர், போடிப் பக்கம் அதைக் கையில பிடிச்சவங்க ரொம்பக் குறைவாத்தான் இருப்பாங்க.

பேட்டரியைக் கழட்டு, கேமை மாத்து!

விலையை விடப் பெரிய பிரச்னை வடிவமைப்புல இருந்துச்சு.

என்-கேஜ் கேம்கள் மெமரி கார்டு மாதிரி குட்டி அட்டையில வந்துச்சு. அட்டையைச் சொருகுற இடம் எங்கே தெரியுமா? பேட்டரிக்குக் கீழே! ஒரு கேமை விட்டு இன்னொரு கேம் விளையாடணும்னா, போனை ஆஃப் பண்ணி, பின்மூடியைக் கழட்டி, பேட்டரியை எடுத்து, அட்டையை மாத்தி, திரும்ப எல்லாத்தையும் போட்டு ஆன் பண்ணணும்.

ஆன் பண்ணினா என்ன வரும்? லோகோ! போன் முழுசா ஆன் ஆகுற வரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணும். காத்திருக்கிறது தெரியாம இருக்கத்தானே லோகோ வந்துச்சு? இங்கே கேம் மாத்துற ஒவ்வொரு தடவையும் 'நீ காத்திருக்கே, காத்திருக்கே'ன்னு சொல்லிக் காட்டுற பலகையா அது மாறிடுச்சு.

இன்னொரு கூத்தும் உண்டு. பேசுற மைக்கும் ஸ்பீக்கரும் போனோட விளிம்புல இருந்ததால, போனைக் காதுல படுக்கையா வைக்க முடியாது. விளிம்பை வெச்சுத்தான் பேசணும். பார்க்கிறவங்களுக்கு ஒரு தட்டைக் காதுல குத்தி வெச்ச மாதிரி இருக்கும். இன்டர்நெட் முழுக்கக் கிண்டல் பறந்துச்சு.

காவல் வேலையும் சொதப்புச்சு. வெளியான கொஞ்ச நாள்லயே பூட்டை உடைச்சு, என்-கேஜ் கேம்களை வேற சிம்பியன் போன்கள்ல ஓட வெச்சுட்டாங்க. என்-கேஜுக்காகவே செஞ்ச கேம், என்-கேஜ் இல்லாத போன்லயும் ஓடுச்சுன்னா, அந்தப் போனை எதுக்கு வாங்கணும்?

2004-ல 'என்-கேஜ் க்யூடி'ன்னு திருத்தின மாடல் வந்துச்சு. அட்டையை வெளியில இருந்தே மாத்தலாம், போனைச் சாதாரணமா காதுல வெச்சுப் பேசலாம். ஆனா, விலையைக் குறைக்கப் பாட்டு, ரேடியோ வசதிகளைத் தூக்கிட்டாங்க. அதுக்குள்ள பேரும் கெட்டுப்போச்சு. மொத்தமா 30 லட்சம் அளவுக்குத்தான் வித்ததா சொல்றாங்க. 1100-ஓட 25 கோடியைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல் மரணம் இது.

இரண்டாவது பிறப்பு, இரண்டாவது மரணம்

நோக்கியா விடலை. 'தனிப் போன் எதுக்கு? நம்ம பெரிய போன்கள் எல்லாத்துலயும் ஓடுற ஒரு ஆப்பா என்-கேஜைக் கொண்டு வருவோம்'னு முடிவு பண்ணாங்க. 2008 ஏப்ரல்ல அது வந்துச்சு. என்81, என்82, என்95 மாதிரி போன்கள்ல என்-கேஜ் ஆப்பைத் திறந்து, கேமை டவுன்லோடு பண்ணி, கொஞ்சம் இலவசமா விளையாடிப் பார்த்து, பிடிச்சா காசு கட்டி வாங்கிக்கலாம். இன்னைக்கு பிளே ஸ்டோர்ல நாம செய்யுற அதே முறை. அட்டை இல்லை, பேட்டரியைக் கழட்டுற வேலை இல்லை. எவ்வளவு வசதி!

ஆனா, அந்த வசதிக்குள்ள ஒரு முள் இருந்துச்சு. நீங்க வாங்கின கேம் அந்த ஒரு போனோட கட்டப்பட்டிருக்கும். புதுப் போன் வாங்கினா, பழைய கேமைக் கூட்டிட்டுப் போக முடியாது. காசு கொடுத்தது நீங்க, ஆனா கேமுக்குத் தெரிஞ்சது உங்க போனை மட்டும்தான். அப்பவே இதுக்குப் பெரிய எதிர்ப்பு வந்துச்சு.

2009 அக்டோபர்ல, 'இனிமே புது என்-கேஜ் கேம்கள் வராது'ன்னு நோக்கியா அறிவிச்சது. அடுத்த வருஷம் கடையையே மூடிட்டாங்க.

பெட்டி நம்மகிட்ட, சாவி அவங்ககிட்ட

இப்போ கவனிங்க. இந்தக் கதையோட மையமே இதுதான்.

2003-ல வந்த அந்த அசிங்கமான, பேட்டரி கழட்டுற என்-கேஜையும் ஒரு கேம் அட்டையையும் யாராவது பத்திரமா வெச்சிருந்தா, இன்னைக்கும் ஓடும். பேட்டரி நல்லா இருக்கணும். போன் ஆன் ஆகும், லோகோ வரும், கேம் தொடங்கும். நோக்கியாவைக் கேட்க வேண்டியதில்லை. ஏன்னா கேம் அட்டையில இருக்கு, அட்டை உங்க கையில இருக்கு.

2008-ல வந்த அழகான, வசதியான என்-கேஜ் கேம் அப்படி இல்லை. போன் மாறினாலோ ரிப்பேர் ஆனாலோ, காசு கட்டினதை நிரூபிக்கவோ திரும்ப இறக்கவோ போக வேண்டிய கடை இப்போ இல்லை.

கம்பத்துல ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்குறீங்க. நாளைக்கே அந்தக் கடையை மூடிட்டாலும் உங்க வீட்டுல இருக்கிற திராட்சை மறைஞ்சு போகுமா? போகாது. காசு கொடுத்தாச்சு, பொருள் கைமாறியாச்சு. கேம்லயும் அப்படித்தான்னு நாம நினைக்கிறோம். ஆனா, பெரும்பாலான ஆன்லைன் கேம்கள்ல பொருள் கைமாறுறதே இல்லை. நமக்குக் கிடைக்கிறது 'பயன்படுத்திக்கோ'ங்கிற அனுமதி மட்டும்தான். அனுமதி கொடுத்தவங்க கதவை மூடினா, உள்ளே இருக்கிற துப்பாக்கி, டிரஸ், ரேங்க் எல்லாமே உள்ளேயே இருந்துடும்.

'பெரிய கம்பெனிதானே, மூடவா போறாங்க?'ன்னு கேட்கலாம். நோக்கியாவை விடப் பெரிய போன் கம்பெனி அன்னைக்கு உலகத்துல கிடையாது. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல அவங்க தொடங்கின ஆலையில தமிழ்நாட்டுப் பல மாவட்டங்கள்ல இருந்து வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் வேலை பார்த்தாங்க. 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனப்போ, வரிப் பிரச்னையால இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில சேரலை. அதே வருஷம் நவம்பர்ல மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பேரோட பிழைப்பே அதோட போச்சு. அவ்வளவு பெரிய கம்பெனியே கதவை மூடும்போது, ஒரு கேம் மூடுறது பெரிய விஷயமே இல்லை.

உங்க போன்லயும் இது நடந்திருக்கு

இதெல்லாம் பழைய கதைன்னு ஒதுக்க வேண்டாம். 2020 செப்டம்பர் 2, ஞாபகம் இருக்கா? மத்திய அரசு 118 ஆப்களைத் தடை பண்ணிச்சு. அதுல பப்ஜி மொபைலும் ஒண்ணு. அக்டோபர் 30-ஓட சர்வரும் நின்னுச்சு. வருஷக்கணக்கா சேர்த்த ரேங்க், காசு கொடுத்து வாங்கின ஸ்கின் எல்லாம் லோகோவோட நின்னுபோச்சு.

2021 ஜூலைல பிஜிஎம்ஐ-ங்கிற பேர்ல கிராஃப்டன் லோகோவோட அது திரும்ப வந்தப்போ, பழைய கணக்கை மாத்திக்க ஒரு வாய்ப்பு கொடுத்தாங்க. பேஸ்புக், ட்விட்டர் மாதிரி ஏதாவது ஒரு கணக்கோட இணைச்சு வெச்சிருந்தவங்க தங்களோட சேமிப்பை எடுத்துக்கிட்டாங்க. கெஸ்ட் கணக்குல விளையாடினவங்களுக்கு மாத்திக்க வழியில்லை. 2022 ஜூலைல பிஜிஎம்ஐ-யும் ஸ்டோர்ல இருந்து காணாமப் போச்சு. 2023 மே மாசம்தான் திரும்பி வந்துச்சு. 2022 பிப்ரவரியில தடை பண்ணின 54 ஆப்கள்ல கரீனா ஃப்ரீ ஃபயரும் இருந்துச்சு.

இங்கே தடை சரியா, தப்பாங்கிறது வேற விவாதம். நாம கவனிக்க வேண்டியது, கதவு மூடுறதுக்குக் கம்பெனி நஷ்டப்படணும்னு அவசியம் இல்லைங்கிறதை. அரசு உத்தரவு, உரிமப் பிரச்னை, வேற கம்பெனி வாங்குறது... எதுவும் காரணமா இருக்கலாம்.

வெளிநாட்டுலயும் இதே கதைதான். கூகுள் 2019 நவம்பர்ல 'ஸ்டேடியா'ன்னு ஒண்ணு தொடங்கினாங்க. கேம் கூகுள் சர்வர்ல ஓடும், படம் மட்டும் உங்க திரைக்கு வரும். 2023 ஜனவரி 18-ல மூடிட்டாங்க. ஆனா, கேம் வாங்கினவங்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தாங்க. எல்லாரும் அப்படிக் கொடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. 2024 மார்ச்ல யூபிசாஃப்ட் தன்னோட 'தி க்ரூ' கார் ரேஸ் கேமோட சர்வரை நிறுத்தினப்போ, காசு கொடுத்து வாங்கினவங்ககூட விளையாட முடியாமப் போச்சு. அந்தக் கோபத்துல 'கேம்களைக் கொல்லாதீங்க'ன்னு ஒரு இயக்கமே கிளம்பிச்சு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துல 2025 ஜனவரியில இருந்து ஒரு சட்டம் அமலுக்கு வந்திருக்கு. டிஜிட்டல் பொருளை விக்கிறவங்க, 'இது அனுமதி மட்டும்தான், உங்களுக்குச் சொந்தம் இல்லை'ன்னா அதை வெளிப்படையா சொல்லியாகணும்.

ஒரு நிமிஷ டெஸ்ட்

சின்னமனூர்ல இருந்து மேகமலைக்கு ஏறுறப்போ சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். அந்த பஸ்ல உட்கார்ந்து கேம் விளையாட முயற்சி பண்ணியிருந்தா, எது லோகோவோட நிக்குது, எது உள்ளே போகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மலை ஏறாமலே அதைச் செஞ்சு பார்க்கலாம்.

கேமை முழுசா மூடுங்க. ஃப்ளைட் மோட் போடுங்க. வைஃபையும் ஆஃப்ல இருக்கணும். இப்போ கேமைத் திறங்க.

லோகோ போய் கேம் தொடங்கி, நீங்க சேமிச்ச இடத்துல இருந்து விளையாட முடியுதா? பெட்டி உங்ககிட்ட இருக்குன்னு ஓரளவுக்கு நம்பலாம்.

கேம் திறக்குது, ஆனா வாங்கின பொருள்கள் வரலையா? பெட்டி உங்ககிட்ட, சாவி அவங்ககிட்ட.

லோகோவோடயே நின்னு 'இன்டர்நெட் இல்லை'ன்னு சொல்லுதா? அங்கே நீங்க வாடகைக்குத்தான் இருக்கீங்க.

வாடகைக்கு இருக்கிறதுல தப்பே இல்லை. நண்பர்களோட ஆன்லைன்ல விளையாடுற சுகம் தனி, அதுக்கு சர்வர் வேணும். வாடகை வீட்டுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்னு நமக்கு ஒரு கணக்கு இருக்குமே, அதே கணக்கு இங்கேயும் இருந்தாப் போதும்.

காசு போடுறதுக்கு முன்னாடி...

* கெஸ்ட் கணக்குல விளையாடாதீங்க. கூகுள் மாதிரி ஏதாவது ஒரு கணக்கோட இணைச்சு வெச்சுக்கோங்க. போன் தொலைஞ்சாலும், கேம் பேர் மாறி வந்தாலும் திரும்பக் கேட்க ஒரு ஆதாரம் இருக்கும்.

* 'இது நாளைக்கே காணாமப் போனா எனக்கு வலிக்குமா?'ன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. ஒரு சினிமா டிக்கெட் செலவா நினைச்சுப் போட முடியுற தொகைன்னா சரி. 'சேர்த்து வெக்கிறேன்'ங்கிற நினைப்புல போடாதீங்க.

* தெரியாம வாங்கிட்டீங்களா, இல்ல வீட்டுல குட்டீஸ் யாராவது தட்டிட்டாங்களா? 48 மணி நேரத்துக்குள்ள கூகுள் பிளேல பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பாருங்க. தள்ளிப் போடப் போட வாய்ப்பு குறையும்.

* பர்சேஸ் பண்றதுக்குக் கட்டாயம் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கிற மாதிரி பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல மாத்தி வெச்சுடுங்க. வீட்டுல ஒரே போனை நாலு பேர் பயன்படுத்துறீங்கன்னா இதை இன்னைக்கே செய்யுங்க.

* ஒருமுறை காசு கட்டினா போதும், நெட் இல்லாம ஓடும்ங்கிற கேம்களும் ஸ்டோர்ல இருக்கு. மாசா மாசம் ஸ்கின்னுக்குப் போடுற காசுல அந்த மாதிரி ஒண்ணு வாங்கிப் பாருங்க.

* அதுவும் நிரந்தரம்னு நம்பிட வேண்டாம். 2017-ல ஐபோன் புது அப்டேட்ல, பழைய 32-பிட் ஆப்கள் எல்லாம் ஓடாமப் போச்சு. உயிருக்கு உயிரான கேம் ஓடுற பழைய போன் இருந்தா, எக்ஸ்சேஞ்ச்ல சொற்ப விலைக்குத் தள்ளிவிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

என்-கேஜோட முதல் தலைமுறை கேம்களை இன்னைக்கும் ரசிகர்கள் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க. பழைய சிம்பியன் போனை அப்படியே நடிச்சுக் காட்டுற 'ஈகேஏ2எல்1'ங்கிற எமுலேட்டரை ஆண்ட்ராய்டுலயும் ஓடுற மாதிரி உருவாக்கியிருக்காங்க. 2003-ல பேட்டரி கழட்டி மாத்தின கேம், இன்னைக்கு நம்ம கையில இருக்கிற போன்லயே ஓடுது. கேம் ஒரு அட்டைக்குள்ள முழுசா இருந்ததாலதான் அது சாத்தியமாச்சு.

அடுத்த தடவை லோகோ வரும்போது எரிச்சல்ல திரையைத் தட்டாம, அதுல யார் பேர் இருக்குன்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அந்தப் பேரை நம்பி எவ்வளவு காசு கொடுக்கலாம்னு முடிவு பண்ண, அந்தச் சில நொடிகளே போதும்.